விட்டேக்கர் சொன்னதும் நான் சொன்னதும்

இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, நடுவில் ஒரு 'ஆனால்' போட்டார், அதன் பின்னால் இன்னொரு 'ஆனால்', நான் மைக் முன்னால் வாயைப் பாதி திறந்துகொண்டு நிற்கிறேன், கீழே மைதானத்தில் உட்கார்ந்திருக்கிற மில் தொழிலாளிகள் அத்தனை பேரும் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், அவர் வாயிலிருந்து வருகிற இங்கிலீஷ் அவர்களுக்கு வெறும் சத்தம்தானே, நான் வாய் திறந்தால்தான் பேச்சு. ஒருவழியாக நிறுத்தினார். "நான் ஒரு பாதிரியாரின் மகன், நானும் பாதிரியார் ஆனேன், என்னை முதல் முதலில் அனுப்பின சபை நகரத்திலேயே அழுக்கான தெருவில் இருந்தது, அங்கே பிரசங்கம் கேட்க வந்த பெண்கள் பசியில் தூங்கிவிழுந்தார்கள், என் பிரசங்கம் சரியில்லை என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன்" என்று தமிழில் சொன்னேன், கூட்டம் லேசாகச் சிரித்தது, அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார், சிரிப்பு வரவேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறது. பெரிய காதுகள் இவருக்கு, ஒன்றில் கேட்கும் கருவி, அதன் கம்பி சட்டைப் பைக்குள் போகிறது, எழுபது தாண்டியும் முதுகு வளையாமல் நிற்கிறார், ரெவரெண்ட் ஹோரஸ் விட்டேக்கர், அமெரிக்காவில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர், யுத்தம் என்றாலே வேண்டாம் என்கிறவர், ஜெயிலுக்கும் போனவர். நான் டோர்க்காஸ், பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறவள், இந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இவருடைய நாக்கு. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும், 'நான் பாதிரியார் ஆனேன்', 'நான் ஜெயிலுக்குப் போனேன்', கைத்தறிச் சேலை கட்டின ஒருத்தி மைக்கில் இப்படிச் சொல்வது முதலில் கூட்டத்துக்கு வேடிக்கையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

காரில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மனுஷன் 'முடியாது' என்று சொல்ல எங்கே கற்றுக்கொள்கிறான், இதுதான் எனக்குத் தெரியவேண்டும், புத்தகத்தில் போட்டிருக்கிற காரணம் இல்லை, அது எனக்கும் தெரியும், அதற்கு அடியில் இருக்கிற காரணம். சின்னப் பிள்ளையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டிருப்பாரோ, அப்பாவிடம் அடிபட்டும் அழாமல் நின்றிருப்பாரோ. அவர் என்னைக் கேட்டார், "உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?" ஒரே மகன் என்றேன். "என்ன செய்கிறான்?" படிப்பு முடிந்துவிட்டது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் சுகிர்தன் படிப்பு முடித்துவிட்டு என்னிடம் சொல்லாமலே ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு மனுப் போட்டு, தேர்வாகி, நாளைக் காலை வண்டியில் பூனாவுக்குப் புறப்படுகிறான், இதை நான் சொல்லவில்லை. அக்டோபரில் சீனாக்காரன் வடகிழக்கு மலையில் இறங்கினதிலிருந்து ஊரெல்லாம் பையன்களுக்கு இதே பேச்சு. எங்கள் கல்லூரிப் பெண்கள் வரிசையில் நின்று வளையலைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தார்கள், நானும் ஒரு ஜோடிக் கம்மலைக் கொடுத்தேன், கம்மலைத்தான் கொடுத்தேன். "அம்மா, ஸ்டேஷனுக்கு வருவீங்கல்லா?" என்று நேற்று கேட்டான். "வரமாட்டேன்டா" என்றேன். "அப்பா போனப்ப நீங்க போகலயா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்து, உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

விட்டேக்கர் மறுபடி ஆரம்பித்துவிட்டார், இப்போது முதல் உலக யுத்தம். அமெரிக்கா யுத்தத்தில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சபை மூப்பர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் தேசக் கொடியை நட்டார்கள், இவர் பிரசங்கத்தை ஆரம்பிக்கும் முன்னால் கொடியை எடுத்து மடித்து, மூப்பர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, இது இங்கே இருக்கவேண்டாம், யேசு எந்தப் பட்டாளத்திலும் சேர்ந்தவர் இல்லை என்றாராம். "அந்த வாரமே என்னைச் சபையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள், குடியிருந்த வீடும் சபையுடையது, ஆகையால் அதிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள்" என்று நான் சொல்கிறேன், சொல்லும்போதே மனசு அந்த வீட்டுக்குள் போய்விடுகிறது. அன்றைக்கு இவர் பெண்சாதி என்ன சமைத்தாள்? மறுநாள் காலையில் பால்காரன் வந்தானா, இல்லை, அவனும் தெருவைத் தாண்டிப் போய்விட்டானா? பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பாலிருந்து பேசினாளா? கொடியை மடித்ததை இவர் சொல்கிறார், பாத்திரங்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினவள் யார் என்று சொல்லவில்லை. கைக்குழந்தை இருந்திருக்குமோ. சரித்திரத்தில் ஒருவர் 'முடியாது' என்று சொல்லும்போது சமையலறையில் இன்னொருத்தி நிற்கிறாள். என் புருஷன் தனராஜும் அப்படித்தான், போன யுத்தத்தில் என்னைக் கேட்காமல்தான் பட்டாளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார், ஆனால் இவர் 'முடியாது' என்றதற்கு நேர் எதிராக 'சரி' என்று. மருத்துவப் படை, துப்பாக்கி தூக்கவேண்டாம் டோர்க்காஸ், காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலைதான் என்றார். திருநெல்வேலி ஜங்ஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வயிற்றில் சுகிர்தன், மாசி மாசத்து வெயில், பக்கத்தில் யாரோ பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்கள், அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. வண்டி நகர்ந்தபோது அவர் ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அஸ்ஸாம் ரோட்டில் ஒரு கூடாரத்தில் காய்ச்சலில் செத்துப்போனார், துப்பாக்கி தூக்கவேயில்லை. அந்த ஒரு வாக்கியம் என்னவாக இருக்கும் என்று இருபது வருஷமாக விதவிதமாக எழுதிப் பார்க்கிறேன், ஒருவேளை 'தள்ளி நில்லு' என்றுதான் சொல்லியிருப்பார்.

"...நெசவு ஆலைகள் இருந்த ஊர், வேலைநிறுத்தம்" என்ற சொல் காதில் விழுந்ததும் விழித்துக்கொண்டேன். கூட்டம் போடக்கூடாது என்று ஊர் போலீஸ் தலைவர் தடை போட்டிருந்தார், விட்டேக்கர் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று யேசுவின் மலைப்பிரசங்கத்தை வாசித்தார், 'சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்ற இடத்தில் கைது செய்தார்கள். "இரும்புக் கதவைப் பூட்டின போலீஸ்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், ஐயா, அதற்கு அடுத்த வசனம் என்ன? நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்றேன்." இதை நான் சொல்லி முடித்ததும் மைதானம் கைதட்டியது, யாரோ விசில் அடித்தார்கள், பெண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. அப்புறம் தேர்தல்கள். "ஊராட்சிக்கு நின்றேன், மாகாணத்துக்கு நின்றேன், ஜனாதிபதி பதவிக்கும் நின்றேன், நின்ற இடத்தில் எல்லாம் தோற்றேன். ஆனால் நான் கேட்ட எட்டுமணி நேர வேலையையும் முதியோர் பென்ஷனையும் என்னைத் தோற்கடித்தவர்களே கொண்டுவந்தார்கள், அதனால் எனக்கு வருத்தம் பாதிதான்." மறுபடி கைதட்டல். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது, இவர் வார்த்தை என் வாய் வழியாகப் போய் இத்தனை பேர் முகத்தில் விளக்கேற்றுகிறதே என்று, கூடவே பொறாமை மாதிரி ஒன்று, தோற்றதைச் சொல்லியே ஒருவர் இப்படிக் கைதட்டல் வாங்கமுடியுமா, வீட்டில் தோற்றதை இவர் எங்கே போய்ச் சொல்வார், அல்லது வீட்டில் தோற்கவேயில்லையா. தொழிற்சங்கச் செயலாளர் நாச்சிமுத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். பேச்சு தொடங்கும் முன்னால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், ஐயா இந்தச் சண்டையப் பத்தி எசகுபிசகா எதாச்சும் பேசுனாருன்னா, நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லீருங்க. நம்மாளுங்க ஒரு நாள் கூலிய நிதிக்குக் குடுத்தவங்க. கீழ போலீஸ்காரரு வேற உக்காந்து எழுதிட்டிருக்காரு" என்றார். "பாத்துன்னா எப்படிங்க?" என்று கேட்டேன். "அந்த எடத்துல உலக சமாதானம்னு பொதுவாப் போட்டுருங்க, ஐயாவுக்குத் தெரியவா போகுது" என்றார். பாவம், அவர் கெட்டவர் இல்லை, நாலு மாசத்தில் எத்தனை பேரைப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போட்டிருக்கிறார்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்த இடம் வந்தேவிட்டது. விட்டேக்கர் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னது சின்ன வாக்கியங்கள், தப்பிக்க 'ஆனால்' ஒன்றுகூட இல்லாதவை. எந்தப் போரையும் நான் ஆசீர்வதிக்கமாட்டேன். என் தேசத்தின் போர்களை ஆசீர்வதிக்கவில்லை. நண்பர்களே, உங்கள் தேசத்தின் போரையும் ஆசீர்வதிக்கமாட்டேன். சொல்லிவிட்டு எனக்கு இடம்விட்டு நின்றார். நாச்சிமுத்துவின் தொண்டைச் செருமல் கேட்டது. உலக சமாதானம், இரண்டே சொல், இனிப்பு மாதிரி கரைந்துவிடும், இவரும் தலையாட்டுவார், கூட்டமும் தலையாட்டும், நான் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் சுகிர்தன் படுக்கையை ஹோல்டாலில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருப்பான். இதை உள்ளபடி சொல்லவேண்டும் என்று எனக்குள் ஏதோ துடிக்கிறது, ஏன் துடிக்கிறது, உண்மைக்காகவா, இல்லை, இத்தனை பேர் முன்னால் அவனைப் பார்த்துக் கத்துவதற்கு இன்னொருவருடைய வாக்கியம் கிடைத்துவிட்டது என்றா? அப்படியானால் அதுவும் கலப்படம்தானே, குறைத்துச் சொல்வது ஒரு கலப்படம், என் கோபத்தைச் சேர்த்துச் சொல்வது இன்னொன்று. இவர் குரலில் கோபம் இல்லையே. இவர் பார்வை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், முன்வரிசையில், யாரையும் குறை சொல்லாத பார்வை. சரி, அந்த அளவுக்குத்தான். "எந்தப் போரையும் நான் ஆசீர்வதிக்கமாட்டேன்" என்று ஆரம்பித்தேன், என் குரலை அவர் குரலின் உயரத்துக்கே இறக்கினேன், "என் தேசத்தின் போர்களை ஆசீர்வதிக்கவில்லை. நண்பர்களே, உங்கள் தேசத்தின் போரையும் ஆசீர்வதிக்கமாட்டேன்."

பிறகு பின்னாலிருந்து ஒருவன், "அங்க நம்ம பசங்க பனியில வெறச்சுச் சாகறாங்க, இங்க வந்து ஆசீர்வாதம் இல்லீங்கறாரா? எறக்குங்கடா கீழ!" என்று கத்தினான், பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள், "துரைக்கு என்னய்யா தெரியும், அவங்கூருல சீனாக்காரனா வந்து நிக்கறான்!" நாச்சிமுத்து குதித்து எழுந்து, "உக்காருங்க, உக்காருங்க, டீச்சர் தப்பாச் சொல்லீட்டாங்க" என்றார். "இல்ல, சரியாத்தான் சொன்னேன்" என்றேன், மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. விட்டேக்கர் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கத்துகிற ஆளை ஆவலோடு பார்த்தார், ஆமாம், ஆவலோடுதான், அவன் என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார், சொன்னேன், "நியாயமான கேள்வி" என்றார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள், நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை செய்கிறவள், வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. "ஏ மருதாத்தா, உக்காரு" என்று யாரோ முந்தானையை இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை. "அவரை ஒண்ணு கேக்கோணும். ஐயாவுக்குப் பையன் இருக்கானுங்களா? இருந்தா, அவன் சண்டைக்குப் போறேன்னு நின்னானுங்களா? அதைக் கேட்டுச் சொல்லுங்க, அப்பறம் பாக்கலாம் ஆசீர்வாதத்த."

காரிலிருந்து என் நாக்கின் நுனியில் கிடந்த கேள்வி. இவள் எப்படி எடுத்தாள்? அதை இங்கிலீஷில் அவரிடம் கேட்டபோது எனக்கே என் குரல் யாரோ போல இருந்தது. அவர் காதுக் கருவியைத் தொட்டுக்கொண்டார், கேட்காமல் இல்லை, நேரம் வேண்டியிருந்தது. பிறகு துண்டு துண்டாகச் சொன்னார், இந்த முறை நீள வாக்கியம் ஒன்றுகூட இல்லை, நானும் துண்டு துண்டாகவே சொன்னேன். "எனக்கு ஒரு மகன் இருந்தான். நேதன். இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்தான். என்னைக் கேட்கவில்லை, சேர்ந்துவிட்டு வந்து சொன்னான். ஹிட்லரை உங்கள் பிரசங்கம் நிறுத்தாது அப்பா என்றான். ஒரு வாரம் அவனோடு வாதாடினேன். அவனுக்கு நல்ல பதில்கள் இருந்தன, எனக்கும் இருந்தன. புறப்படுகிற அன்று அவனோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பத்திரிகைக்காரன் படம் எடுத்து, போரை எதிர்ப்பவர் மகனைப் போருக்கு அனுப்புகிறார் என்று போட்டான். என் கட்சிக்காரர்கள் பலர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் போருக்கு ஆள் அனுப்பப் போகவில்லை. என் மகனை வழியனுப்பப் போனேன். பிளாட்பாரத்தில் சொன்னேன், நீ செய்யப்போவது தப்பு, நீ திரும்பி வருகிற வரைக்கும் தினம் மேடையேறி அதைச் சொல்வேன். சொல்லுங்கள் அப்பா, நீங்கள் சொல்வதை நிறுத்திவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கும் என்றான்." கத்தினவன்கூட நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். மருதாத்தாள், "வந்தானுங்களா?" என்றாள்.

"நோ" என்றார் விட்டேக்கர். ஒரே எழுத்து. மொழிபெயர்ப்பே வேண்டாம், எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஆனாலும் எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், அதுதானே வழக்கம். என் மகன் திரும்பி வரவில்லை. நாலு சொல், இங்கிலீஷ் இலக்கணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வாக்கியம். 'என்' என்று உதட்டைத் திறந்தேன். முடியவில்லை. 'நான் ஜெயிலுக்குப் போனேன்' என்றேன், 'நான் தோற்றேன்' என்றேன், 'எனக்கு ஒரு மகன் இருந்தான்' என்றுகூட எப்படியோ சொல்லிவிட்டேன், அது இருந்தான் என்பதோடு நின்றது, இது அப்படி இல்லை, இதைச் சொன்னால் அது காற்றில் நிற்கும், சுகிர்தனுடைய வண்டியில் ஏறிக்கொள்ளும், இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள் இப்படியா நினைப்பது, சாத்தானே அப்பாலே போ, ஆனால் முடியவில்லை. "அவருடைய மகன்" என்றேன், "அவருடைய மகன் திரும்பி வரவில்லை."

மருதாத்தாள் உட்காரவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அறுந்த நூலைத் தேடுகிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். "இத்தன நேரமும் நானு, எனக்குன்னு சொன்னீங்க. இதுக்கு மட்டும் அவரோட பையன்ங்கறீங்க" என்றாள். அப்புறம், மேடைக்கும் தரைக்கும் இடையில் மைக்கே இல்லாதது போல, "உங்க பையனும் போறானுங்களா, டீச்சர்?" நான் மைக்கைவிட்டு விலகித்தான் சொன்னேன், ஆனாலும் கேட்டிருக்கும். "ஆமா." "எப்பங்க?" "நாளைக்குக் காலையில." "வண்டியேத்தப் போவீங்கல்ல?" என்றாள், போகாத ஒருத்தி உலகத்தில் இருக்கமுடியாது என்பது மாதிரி. போவதென்றால் சம்மதம் என்று ஆகிவிடும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், வீட்டிலேயே இருந்தால் 'முடியாது' என்று ஆகும், அதைத்தான் நானும் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று. "போவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. "போய் அவன்கிட்ட, எனக்கு இது பிடிக்கலன்னும் சொல்வேன்." "சொல்லுங்க, சொல்லாம பின்ன" என்று மருதாத்தாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், பின்னால் எழுந்து நின்றவர்களில் சிலரும் உட்கார்ந்தார்கள், கத்தினவன் மட்டும் உட்காரவில்லை, மைதானத்தைவிட்டு நடந்து போனான், அவனுக்கு அங்கே பனியில் யார் இருக்கிறார்களோ. விட்டேக்கர் என் முழங்கையைத் தொட்டார். அவள் என்ன கேட்டாள்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? இப்போது நான் என்னை அவருக்கு மொழிபெயர்க்கவேண்டும். சொன்னேன், இங்கிலீஷில் அது நாலைந்து சின்ன வாக்கியம்தான் வந்தது. அவர் ஆறுதல் ஏதாவது சொல்வார், ஜெபிக்கிறேன் என்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நான் வெறும் வயிற்றோடு போனேன். வண்டி போனதும் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டேன்" என்றார்.

"என்ன சொல்றாருங்க? மைக்குல சொல்லுங்க!" என்று கீழேயிருந்து கேட்டார்கள். "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றார்" என்றேன். பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது, பிறகு ஆண்கள் பக்கமும், நாச்சிமுத்துகூட, நானும். விட்டேக்கர் கூட்டத்தைப் பார்த்து மறுபடி பேசத் தொடங்கினார், சுகிர்தனுக்குக் காலையில் என்ன பண்ணுவது, ஆப்பத்துக்கு அரிசி ஊறப்போடவில்லை, இனிமேல் ஊறவைத்து எப்போது ஆட்டுவது, புட்டு அவிக்கலாம், மாவு இருக்கிறது, பயறு போட்டால் இரண்டு குழல் தின்பான், வாழைப்பழம் வாங்கவேண்டும், போகிற வழியில் கடை திறந்திருக்குமா, வண்டியில் மத்தியானத்துக்கு எலுமிச்சம்பழச் சோறு, அது கெட்டுப்போகாது, நானும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும், பேச்சு நின்றுபோயிருந்தது, விட்டேக்கர் வாக்கியத்தை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது, அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.